இன்னும் சாப்பிடலை

மயிலாப்பூரில் வக்கீல் கஸ்தூரிரங்கனைத் தெரியாதவர்கள் கிடையாது. நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், எதிரே வருகிறவர் ஜட்ஜானாலும் சரி, ஜட்கா ஓட்டுகிறவரானாலும் சரி, நிறுத்தி வைத்துக் கேலி செய்கிற வாய். கேசவப் பெருமாளைத் தவிர வேறு சந்நிதியில் கை கூப்பியதில்லை என்று தானே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் கொஞ்ச காலமாகக் காலை நடையின்போது கபாலி கோவில் குளத்தருகே நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

ஊர் சும்மா இருக்குமா? ஐயங்காருக்குச் சிவபக்தி முற்றிவிட்டது என்று குளக்கரையில் பேச்சு. அவரும் சிரித்துக்கொண்டே, "நம்மூர்க் கோபுரத்தை நாமே பாக்காட்டா வேற யார் பாப்பா?" என்று சமாளிப்பார்.

அவர் மச்சினி டாக்டர் வேம்பு மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த அவர் கை மெல்ல மெல்ல மார்புக்கு ஏறி, அங்கேயே சற்று அழுந்தி நின்று, பிறகு ஒன்றும் நடவாததுபோல் இறங்குவதைப் பார்த்தாள். அவள் அப்பாவும் இப்படித்தான் நடுநடுவே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் கூடத்திலேயே சாய்ந்தார். வாயு என்றார்கள், பெருங்காயத்தைக் கரைத்துப் புகட்டினார்கள். வேம்பு அப்போது சின்னப் பெண். கரைத்துக் கொடுத்ததே அவள்தான். அந்த வாசனை இன்றைக்கும் அவளுக்கு ஆகாது.

கஸ்தூரிரங்கனும் அப்படிச் சாய்ந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பதினோரு வயதில் விதவையான அவளைத் தாலியை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த மனிதர் வந்துதான் கையைப் பிடித்து எழுப்பினார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், பிறகு வைத்தியக் கல்லூரியில் சேர்த்தார். சொந்தக்காரர்கள் வீட்டுப் படியேற மாட்டோம் என்றபோது, "ஏறாட்டா போறது, படி தேயாம இருக்கும்" என்றார். அந்த மனிதருக்கு மார்வலி. கேட்டால் கோபுரம் என்கிறார்.

அக்காவின் கணவரான இந்த அத்திம்பேர் ஒருவருக்கு மட்டும் இல்லை. மயிலாப்பூர் வக்கீல்களில் இப்படி நடுவழியில் நிற்கிறவர்களை வேம்பு நிறையப் பார்த்திருந்தாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்கும் அவள் வைத்தியத்துக்குப் போவாள். அங்கே புண் உண்டு, ஜுரம் உண்டு, குடியால் கெட்ட ஈரல் உண்டு. வலை இழுக்கிற கிழவர் ஒருவர்கூட மார்பைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் கண்டதில்லை. ருஷ்யாவில் முயலுக்கு முட்டைக்கருக் கொழுப்பைக் கொடுத்து அதன் ரத்தக் குழாய் தடித்துப்போனதாகப் படித்திருந்தாள். ஜாவாவில் ஒரு டச்சு டாக்டர் ஊர்க்காரன் ரத்தத்தையும் வெள்ளைக்காரன் ரத்தத்தையும் ஒப்பிட்டதையும் படித்திருந்தாள். இங்கே இரண்டு கூப்பிடு தூரத்தில் மயிலாப்பூரும் குப்பமும் இருக்கும்போது ஜாவாவுக்குப் போவானேன் என்று தோன்றியது.

இடம் கொடுத்தவர் டாக்டர் சுப்பராமன். தியாகராய நகர் அப்போதுதான் தோப்பும் ஏரிக்கரையுமாக இருந்த கோலம் மாறி ஊராகிக்கொண்டிருந்தது. பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தம் பங்களாவின் பின்னறையில் கண்ணாடிக் குழாய்களையும் யந்திரங்களையும் வாங்கி அடுக்கி, வாசலில் ஆராய்ச்சிக் கழகம் என்று பலகை மாட்டியிருந்தார். மயிலாப்பூர் வக்கீல்களில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். பலகை இருக்கிறது, யந்திரம் இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்ய ஆள்தான் இல்லை. வேம்பு வந்து கேட்டதும் சாவியைக் கொடுத்தார். "நம்ம ஆகாரம் சாத்விகமானது, உலகத்துலயே உசந்ததுன்னு ஒரு நாள் நிரூபிச்சுக் காட்டணும், அம்மா" என்று ஆசீர்வாதமும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. விடியற்காலைப் பூசை முடிந்ததும் சாந்தோம் மாதா கோவில் சுவரோரம் குப்பத்து ஜனங்கள் ரத்தம் கொடுப்பார்கள். அங்கே அவளுக்குப் பக்கபலம் மீன் விற்கும் தேசம்மா. ஊசியைக் கண்டு பின்வாங்குகிற ஆண்பிள்ளைகளை அவள் ஒரு பார்வையில் உட்கார வைத்துவிடுவாள். அங்கிருந்து நேரே அத்திம்பேர் வீட்டுக் கூடம். அவருடைய வக்கீல் சிநேகிதர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும் என்பதால் எல்லோருக்கும் வேம்பு ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாள். சாப்பிடாமல் வாருங்கள்.

அவர்களும் நல்லவர்கள். சாப்பிடாமல்தான் வந்தார்கள். ஊசி குத்துமுன் ஒவ்வொருவரையும் கேட்பாள். "இன்னும் சாப்பிடலை" என்று ஒரே குரலாகப் பதில் வரும்.

ரத்தம் உறைந்து, அதன்மேல் தெளிந்து நிற்கும் நீரைத் தனியே எடுத்துக் குழாய்களில் வரிசையாக நிறுத்தியபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குப்பத்து ரத்தத்தின் நீர் இளமஞ்சளாக, மறுபக்கம் தெரியும்படி இருந்தது. மயிலாப்பூர் ரத்தத்தின் நீர் தண்ணீர் விட்ட மோராக வெளுத்துக் கலங்கி நின்றது. கொழுப்பை அளந்து பார்த்தாள். யந்திரமே வேண்டாம், கண்ணாலேயே தெரிகிற வித்தியாசம்.

சுப்பராமன் வந்து குழாய்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரோடது?"

"மயிலாப்பூர்."

"மாறிப்போயிருக்கும்."

"மாறலை."

"எங்கேயோ தப்பு நடந்திருக்கு, அம்மா. சுத்தமான பசுநெய் சாப்பிடறவா ரத்தம் இப்படி இருக்குமோ? தை மாசம் லஸ் சபாவுல உன் பேச்சுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். அத்தனை பேரும் நம்ம மனுஷா. அவா முன்னாடி நின்னுண்டு, உங்க ரத்தத்தைவிட மீன்காரா ரத்தம் மேல்னு சொல்லப்போறியா?"

"மேல், கீழ்னு நான் சொல்லலை. வெள்ளைன்னு சொல்லப்போறேன்."

அவர் அறையை விட்டுப் போய்விட்டார். வேம்புவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. கண்ணாடிக் குழாய்களை அலம்பும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அத்திம்பேர் முன்னால் அந்த மோர்க் குழாயைக் கொண்டுபோய் வைத்தால் கோபுரக் கதை எடுபடுமா என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் மனுஷிக்குக் கண் கொஞ்சம் மங்கித்தான் போகும்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்கிற வேலை இல்லை. தேசம்மாவின் காலில் சிப்பி கிழித்த புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்காகச் சாந்தோமுக்குப் போனாள். பூசை முடிந்து வந்த தேசம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"சீக்கிரம் கட்டி வுடும்மா. வவுறு கபகபன்னு எரியுது. போயி கஞ்சி குடிக்கணும்."

"ராத்திரி சாப்பிடலையா?"

"துன்னேன். அது ராத்திரி. சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குறன்னா பாதி ராத்திரிக்கு மேல பச்சத் தண்ணிகூட வாயில வைக்கக் கூடாதே. அதுக்கோசரம்தான் பூசை முடிஞ்சதும் நீ ஊசிய எடுத்துக்கினு வர்றப்போ எங்க ஆளுங்க தள்ளாடிக்கினு நிப்பாங்க." தேசம்மா சிரித்தாள். "ஆமா, மயிலாப்பூர் சாமிங்களும் எங்களாட்டம் பச்சத் தண்ணி குடிக்காமதான் கை நீட்டுதுங்களா? பரவால்லியே."

"ஆமாம்" என்றாள் வேம்பு. சொன்ன பிறகு அந்தப் பச்சைத் தண்ணீர் நெஞ்சில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கட்டுக்கு முடிச்சுப் போட்டவள் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கு நடந்தாள். வழக்கமாக வாசல் வழியாகக் கூடத்துக்குப் போகிறவள் அன்று கொல்லைப்புறமாக நுழைந்தாள்.

அக்கா ஜெயலக்ஷ்மி தளிகை உள்ளில் ரவா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசையின் ஓரமெல்லாம் நெய் பொரிந்தது. அந்த வீட்டில் நெய் வாசனை வராத வேளை என்று ஒன்று இருந்தால் அல்லவா வேம்புவுக்கு முன்பே சந்தேகம் தட்டியிருக்கும்?

"அத்திம்பேர் சாப்பிட்டாச்சா, அக்கா?"

"இன்னும் சாப்பிடலை. அதுக்குள்ள என்ன? சாதமே இன்னும் வைக்கலை."

"இந்தத் தோசை யாருக்கு?"

"அவருக்குத்தான். கூடத்துல உக்காந்துண்டு ஒண்ணு ஒண்ணா உள்ள தள்ளிண்டிருக்கார்."

வேம்பு ஓரடி உள்ளே வந்தாள். "நான் ரத்தம் எடுக்க வந்த நாளெல்லாம்?"

"அன்னிக்கெல்லாம் கேசரியும் உண்டே. ரத்தம் குடுக்கப் போறவாளுக்குத் தெம்பு வேண்டாமா? அவர் சிநேகிதாள் எல்லாருக்கும் நானே பாத்துப் பாத்துப் போட்டேன்." வேம்புவின் முகத்தைப் பார்த்ததும் ஜெயலக்ஷ்மிக்குப் பதற்றம் வந்தது. "நீ சொன்னபடிதான்டி நடந்துது. சாப்பிடக் கூடாதுன்னியே, ஒருத்தரும் சாதத்துல கை வைக்கலை. இலையே போடலை. டிபன்தான், காப்பிதான். வேற ஒண்ணுமே இல்லை."

வேம்பு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

அவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சாதம் உள்ளே போனால் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு. ஏகாதசியன்று அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து அடையும் வெண்ணெயும் தின்றுவிட்டு, இன்றைக்கு உபவாசம் என்பார். அதே ஏகாதசியில், அதே வீட்டில், தலை மழித்த பதினோரு வயசுப் பெண்ணுக்கு எச்சில் விழுங்குவதே பெரிய காரியமாக இருந்தது. ஆண்பிள்ளைக்கு உபவாசம் என்றால் அடை. விதவைக்கு உபவாசம் என்றால் பட்டினி. வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தைக்கு அவள் உடம்பு படித்த அர்த்தத்தை மயிலாப்பூர் முழுவதற்கும் பொதுவென்று நம்பிவிட்டாள். டாக்டர் பட்டம் வாங்கியும் அந்த மூலையில் உட்கார்ந்த பெண்ணின் வயிற்றைக் கொண்டுதான் கேள்வி கேட்டிருக்கிறாள். அதை நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிட்ட நெய் சில மணி நேரம் ரத்தத்தில் மிதந்து நீரைக் கலக்கும். குழாய்களில் இருந்த வெள்ளை ரவா தோசையின் வெள்ளை. கேசரியின் வெள்ளை. அத்திம்பேரின் இதயத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அக்காவுக்கு இதில் தப்பு என்று எதுவும் தெரியாது. தையில் எழுந்து நின்று மோர்க் குழாயைத் தூக்கிக் காட்டினால் சபை வாயைப் பிளக்கும். அத்திம்பேரும் பயந்து வழிக்கு வந்தாலும் வருவார். அன்று பகல் முழுதும் அந்த யோசனை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் அப்பாவுக்குப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தவர்களும் இப்படித்தான், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னார்கள். இன்னொரு தரம் அதைக் கரைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் சுப்பராமனிடம் போய்ச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, தப்பு நடந்திருக்குன்னு. போறது, விடு. சபாவுல எழுந்து, நம்ம ஆகாரத்துல தோஷம் இல்லைன்னு தெரிஞ்சுடுத்து, அப்படின்னு நாலு வார்த்தை சொல்லிடு. சுபம்."

"தோஷம் இல்லைன்னு எங்கே தெரிஞ்சுது? எனக்கு ஒண்ணும் தெரியலைன்னுதான் தெரிஞ்சிருக்கு. மறுபடியும் எடுக்கணும். நிஜமான வெறும் வயித்துல."

"மறுபடியுமா? போதும், அம்மா. ஒரு தரம் தப்பு பண்ணினவா பேச்சை ரெண்டாந்தரம் யார் கேப்பா?"

"தப்பு பண்ணினேன்னு நானே சொன்னா கேப்பா."

"வேம்பு, இது என் ரூம்."

"ரூம் உங்களுது. ரத்தம் உங்களுது இல்லையே."

இப்படி ஒருத்தி தம்மிடம் பேசி சுப்பராமன் கேட்டதில்லை. அவர் குரல் தாழ்ந்தது. "நான் சொன்னதைச் சொன்னா சாவி உன்கிட்டயே இருக்கும். வேற எதையாவது வாசிச்சா அன்னிக்கே சாவியை வெச்சுட்டுப் போயிடணும்."

"சரி" என்றாள் வேம்பு. எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மயிலாப்பூர் வக்கீலை நிஜமாகப் பட்டினி போடுவது எப்படி? காப்பி இல்லாமல் ஒரு காலைப்பொழுதை அவர்கள் பிறந்து கண்டதில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வழி இருந்தது. வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு மட்டும் அத்திம்பேர் வீட்டில் அடுப்பே எரியாது. பலகாரம் கிடையாது, காப்பி கிடையாது, துளசி தீர்த்தம்தான். அத்திம்பேரும் அந்தச் சிநேகிதர்களும் கூடத்தில் பஜனை செய்து விழித்திருந்து, துவாதசி விடிந்ததும் ஸ்நானம் செய்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகப் பாரணை பண்ணி விரதத்தை முடிப்பார்கள். அந்த ஸ்நானத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ஊசிப் பெட்டியோடு போய் நின்றாள். கூடத்தில் எல்லோரும் கண் சிவந்து, தொண்டை கம்மி உட்கார்ந்திருந்தார்கள். துவாதசிக் காலை, முதலில் கண்ணில் பட்டது நெற்றியில் பொட்டில்லாத ஒரு விதவை. கையில் ஊசி வேறு. ஒருவர் பெருமாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

"இன்னிக்கா வேம்பு?" என்றார் அத்திம்பேர். அவருக்கே தர்மசங்கடமாக இருந்தது. "ரத்தம் பட்டா தீட்டு. நல்ல நாளும் அதுவுமா இவாளைச் சங்கடப்படுத்தாதே."

"நீங்க இன்னும் ஸ்நானம் பண்ணலை. பண்ணினா தீட்டுப் போயிடும். போன தடவை நான் கேட்டது தப்பு. சாப்பிடலைன்னேள், நம்பிட்டேன். இன்னிக்குத்தான் நீங்க எல்லாரும் நெஜமா சாப்பிடாம இருக்கேள். இதை விட்டா நான் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும். அத்தனை நாள் நீங்க எல்லாரும் இருக்கணுமே, அத்திம்பேர்."

மங்கல வீட்டில் சொல்லக்கூடாத பேச்சு அது. வேம்புவுக்குக் கன்னம் சுட்டது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவளுக்கு மனசில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஜெயலக்ஷ்மி வந்தாள். தங்கைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒன்பது கஜப் புடவையின் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"என்கிட்ட எடு. இத்தனை நாளா இந்த ஆத்துல என்னை ஒருத்தரும் கேக்கவே இல்லையே. எனக்கென்ன ரத்தம் இல்லையா? தேசம்மாகிட்ட மட்டும் எடுக்கறே."

தானே ஒரு பெண், தானே ஒரு டாக்டர், வேம்புவே அக்காவைக் கேட்டதில்லை. ஊசியை ஏற்றினாள். சொந்த அகமுடையாள் உட்கார்ந்துவிட்ட பிறகு அத்திம்பேர் நிற்க முடியுமா? அவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக, காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப்போல் முனகிக்கொண்டே வந்தார்கள்.

இந்தத் தடவை நீர் வெளுக்கவில்லை. மயிலாப்பூர்க் குழாய்களும் குப்பத்துக் குழாய்களைப்போல் இளமஞ்சளாகத் தெளிந்து நின்றன. சுப்பராமன் மட்டும் அதைப் பார்த்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார். வேம்பு நிறுத்தவில்லை. முன்பு அவள் கண்ணை மயக்கியது வெள்ளை. இந்த முறை அவள் தேடியது கொலஸ்டிரால் என்கிற, ஒரு வேளைத் தோசையால் ஏறி இறங்காத, ரத்தத்திலேயே குடியிருக்கிற கொழுப்பு. அந்தத் தெளிந்த நீரில் மருந்துகளைச் சேர்த்தால் அது பச்சை நிறமாக எழும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பச்சை.

குப்பத்து ஜனங்களிடம் மறுபடி எடுத்த ரத்தத்தில் வாழைக்குருத்தின் இளம்பச்சைதான் வந்தது. மயிலாப்பூரில் முற்றிய இலையின் பச்சை. ஒன்றிரண்டு பேருடைய பச்சை வரிசைக்கு மாறாக இருந்தது, அக்காவும் நடுவில் எங்கேயோ இருந்தாள். ஆனாலும் இரண்டு வரிசையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. வெள்ளை டிபனுடையது. பச்சை அவர்களுடையது. எல்லாவற்றிலும் கரும்பச்சையாக நின்ற குழாய் யாருடையது என்று அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அத்திம்பேரிடம் போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார். ஒரு வக்கீலுக்கு உண்டான பொறுமையோடு கேட்டுவிட்டுச் சிரித்தார். "உனக்கு வேம்புன்னு பேர் வெச்ச புண்ணியவான் யாரு? வாயைத் தெறந்தா கசப்புத்தான். என் நெய்யைப் பத்திப் பேசாதே, வேற என்ன வேணும்னாலும் கேளு."

"நெய் மட்டும்தான் காரணம்னு நான் சொல்லலை. நிக்கறேளே, அது எதுக்குன்னு ஒத்துக்குங்கோ. அது போறும்."

"எங்கே நிக்கறேன்? கோபுரம் பாக்கறேன்" என்றார் அவர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

தை மாதத்துச் சாயங்காலம் லஸ் சபா நிரம்பி வழிந்தது. கூட்டம் சேர வேண்டும் என்று சுப்பராமன் முதலிலேயே டிபனுக்கு ஏற்பாடு செய்திருந்தார். பந்தலில் கேசரி, போண்டா, டிகிரி காப்பி. கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அத்திம்பேரும் சிநேகிதர்களும் இருந்தார்கள். பக்கவாட்டில், பெண்கள் பக்கத்தில், ஜெயலக்ஷ்மி. எல்லோருக்கும் பின்னால் கதவோரமாகத் தேசம்மா நின்றிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்திருந்தாள்.

சுப்பராமன் எழுந்து ஆரம்பித்தார். நம் ஆகாரத்தின் மேன்மையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். டாக்டர் வேம்பு அம்மாளின் ஆராய்ச்சியில் முதலில் ஒரு தவறு நேர்ந்தது, அதை அந்த அம்மாளே ஒப்புக்கொண்டிருக்கிறாள், அதனால் நம் நெய்யின்மேல் எந்தப் பழியும் இல்லை என்று முடித்தார். சபை கைதட்டியது. அவர் வேம்புவைப் பார்த்துத் தலையசைத்தார். நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார் என்று அர்த்தம்.

வேம்பு எழுந்து வந்தாள். சபையை ஒரு முறை பார்த்தாள்.

"உங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கணும். எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

இதென்ன கேள்வி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் பெரிய மனசு பண்ணிப் பதில் சொன்னார். "இன்னும் சாப்பிடலை, அம்மா. ஆத்துக்குப் போய்த்தான்." ஆமாம் ஆமாம் என்று சபை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

"கையை முகர்ந்து பாருங்கோ" என்றாள் வேம்பு.

முன்வரிசையில் சிலர் கையை மூக்கருகே கொண்டுபோனார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஜெயலக்ஷ்மிதான். அது பரவிச் சபை முழுவதும் சிரித்தது. கதவோரத்தில் தேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்காதவர் சுப்பராமன் ஒருவர்தான்.

"இதுதான் நான் பண்ணின தப்பு" என்றாள் வேம்பு. "தப்பைத் திருத்திண்டு மறுபடியும் பாத்தேன். அதைப் பெரியவர் சொல்லலை, அதனால நான் சொல்றேன்."

சுப்பராமன் மேஜையைத் தட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை போனதைச் சொன்னாள், பச்சை போகாததைச் சொன்னாள். குருத்துப் பச்சையையும் முற்றிய பச்சையையும் சொன்னாள். சிரிப்பு எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"நெய்தான் விஷம்னு சொல்ல வரலை. அவா வலை இழுக்கறா, நீங்க வண்டியில போறேள். அவா மீன் சாப்பிடறா, நீங்க தயிர் சாப்பிடறேள். எது காரணம்னு எனக்குத் தெரியலை. தெரியலைங்கறதை மறைக்க மாட்டேன், தெரிஞ்ச மட்டும் இதுன்னு சொல்லாமலும் இருக்க மாட்டேன். மார்ல கையை வெச்சுண்டு நடுவழியில நிக்கறவா இந்தச் சபையில இருக்கேள். அது வாயு இல்லை. எங்கப்பாவுக்கும் அது வாயு இல்லை."

அப்பா என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துச் சுப்பராமன் முன்னால் மேஜைமேல் வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பக்கம் பார்க்காமல் கீழே இறங்கினாள். கதவோரத்தில் தேசம்மா அவள் தோளை ஒரு பிடி பிடித்தாள். "இன்னா இப்போ? ரூமு போச்சுன்னா போவட்டும். எங்க கோயில் செவுரு கீது" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது ஆராய்ச்சிக் கழகமும் இல்லை, யந்திரமும் இல்லை. வடக்கு மாட வீதிக்குப் பின்னால் அவள் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் முன்னறையும், ஊசிப் பெட்டியும், கொஞ்சம் கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. அந்தக் குழாய்களைத்தான் வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்காவது ஒரு யந்திரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அத்திம்பேர் நின்றிருந்தார். அங்கவஸ்திரம் இல்லை. முகம் வெளிறி வியர்த்திருந்தது. வலது கை மார்பின்மேல் இருந்தது, அவளைப் பார்த்தும் அவர் அதை இறக்கவில்லை.

"குளத்தங்கரையில நின்னேன்" என்றார். "கோபுரம் பாக்கலை. வலிச்சுது. அதனால நின்னேன்."

வேம்பு அவர் தோளை அணைத்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார்த்தினாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. பிறகு இடது சட்டைக் கையைத் தாமே மெல்ல மேலே சுருட்டினார்.

"எடு. தோசை இல்லை, கேசரி இல்லை, காப்பிகூட இல்லை. உங்கக்கா டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினா, வேண்டாம்னுட்டேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் சாப்பிடலை, வேம்பு. நீ சொல்ற மாதிரி."